மூன்றில் எது தூங்குகிறது?

வாசகர் கேள்வி: எங்களிடம் இருப்பது 1998-ஆம் ஆண்டு மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. அப்பா வாங்கியது. அவர் காலமான பிறகு, கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் போய்வர நான் ஓட்டுகிறேன். ஆறு மாதமாக என்ஜின் மிஸ் அடிக்கிறது, அதாவது இடையிடையே எரியாமல் விடுகிறது. காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடுகிறது. சோக்கை உள்ளே தள்ளியதும் நடுக்கம் தொடங்கிவிடுகிறது. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங், கண்ணாடி எல்லாம் ஆடுகின்றன. சைலன்சரில் 'புப்... புப்' என்று விட்டுவிட்டுச் சத்தம். ஐம்பது கிலோமீட்டர் வேகம் பிடித்துவிட்டால் ஒன்றும் தெரிவதில்லை. லிட்டருக்குப் பதினேழு கொடுத்த வண்டி இப்போது பதின்மூன்றுதான் கொடுக்கிறது. பிளக், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், காயில் எல்லாம் மாற்றியாயிற்று. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தார்கள். இதுவரை 11,400 ரூபாய் செலவு. இப்போது 'என்ஜினை இறக்கி போர் போட வேண்டும்' (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) என்கிறார் மெக்கானிக். 'எல்லாம் எத்தனால் பெட்ரோல் செய்கிற வேலை' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இத்தனைக்கும் வண்டியில் டேப்பட் சத்தம்கூடக் கிடையாது. தையல் மிஷின் மாதிரி இருக்கும். இடையில் எட்டு வருஷம் கேஸில் ஓடியது, இப்போது கிட்டைக் கழற்றிவிட்டோம். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் காது நிமிர்ந்தது. அங்கே வருவதற்குள் அந்த 11,400 ரூபாய்க்காகக் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன்.

மாற்றிய சாமான்களின் பட்டியலைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மிஸ்ஸுக்குக் காரணமாக இருக்கக்கூடியதுதான். ஆனால் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று யாரும் ஒரு தடவைகூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. உங்கள் வண்டியில் இருப்பதே மூன்று சிலிண்டர், மொத்தம் 796 சி.சி. நாலு சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்தால் கால் பங்கு போகும். இதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதனால்தான் கண்ணாடி வரைக்கும் ஆடுகிறது. மூன்றில் எது தூங்குகிறது என்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் போதும், சாமான் செலவு கிடையாது. அதைச் செய்யாமல் சாமான் மாற்றுவது, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்காமலே வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு போவது போன்றது.

அடுத்தவரைச் சொல்வதற்கு முன் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு பழைய ஃபியட்டுக்கு இரண்டு நாள் போராடினேன். பிளக் மாற்றினேன், பாயின்ட் மாற்றினேன், கண்டென்சர் மாற்றினேன், கார்புரேட்டரைப் பிரித்து மேய்ந்தேன். இரண்டாம் நாள் இரவு பட்டறையில் கரண்ட் போனது. பானெட் திறந்திருந்தது, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இருட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் நீலமாக ஒரு பொறி, மண்புழு மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. மூடியில் மயிரிழை விரிசல். பகலில் நாலு தடவை அந்த மூடியைத் துடைத்துத் துடைத்து மாட்டியவன் நான்தான். அன்றிலிருந்து பழைய வண்டிகளின் மின்பொறிக் கோளாறை இருட்டில்தான் பார்ப்பேன்.

உங்களுடையது அந்த வகைக் கோளாறு இல்லை என்பது என் கணிப்பு. காரணத்தைச் சொல்கிறேன். மிஸ் எப்போது அடிக்கிறது என்பதில் பாதி விடை இருக்கிறது.

பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ, பாய்வது அவ்வளவு கடினம். ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்து மேடு ஏறும்போது சிலிண்டர் நிறையக் கலவை நிரம்பி, அழுத்தம் உச்சத்தில் இருக்கும். காயில் பலவீனமாக இருந்தாலும், ஒயர் கசிந்தாலும், பிளக் தேய்ந்திருந்தாலும் முதலில் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். பட்லகுண்டு வரை பூப்போல வந்த வண்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் மூன்றாவது வளைவில் திக்க ஆரம்பித்தால், பெரும்பாலும் அது பொறிக் கோளாறு. இல்லையென்றால் பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரவில்லை.

உங்கள் வண்டி நேர் எதிர். நிற்கும்போது நடுங்குகிறது, ஓடும்போது சரியாகிவிடுகிறது. பழைய கார்புரேட்டர் வண்டியில் இப்படி இருந்தால் எனக்கு முதலில் இரண்டு சந்தேகங்கள் வரும். கலவையை சிலிண்டர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் மேனிஃபோல்டு பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது ஏதோ ஒரு வால்வு முழுசாக மூடவில்லை. இரண்டுமே மெதுவான ஓட்டத்தில்தான் வெளியே தெரியும். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது, என்ஜின் நிமிடத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் சுற்றுதான் சுற்றுகிறது. பிஸ்டன் கலவையை அழுத்துகிற ஒரு கம்ப்ரஷன் முடிவதற்குள் ஓட்டை வழியாகக் கசிய ஏகப்பட்ட நேரம் கிடைக்கிறது. மூவாயிரம் சுற்றில் கசிவதற்கே நேரம் இல்லை. ஓட்டை அப்படியே இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை.

சோக் விஷயத்திலும் ஏமாறுவதற்கு ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. சோக் இழுத்தால் நன்றாக ஓடுகிறது, தள்ளினால் நடுங்குகிறது என்பதை வைத்து 'சூடானால் மிஸ் அடிக்கிறது' என்று உங்கள் மெக்கானிக் முடிவு செய்திருக்கலாம். சோக் இரண்டு வேலை செய்கிறது. கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிறது. கூடவே என்ஜின் வேகத்தையும் உயர்த்துகிறது. எதனால் நடுக்கம் நின்றது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு சோக்கைத் தொடாமல், காலால் லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்து, காலையில் சோக்கில் கேட்ட அதே வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுக்கம் நின்றால் வேகம்தான் அதை மறைக்கிறது. வேகம் கூட்டியும் நிற்காமல், சோக்கைப் பாதி இழுத்தால் மட்டும் நிற்கிறது என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, அதாவது காற்று இழுக்கிறது. இதை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே நீங்கள் பார்த்துவிடலாம்.

காற்று இழுப்பதைத் தேடுவது எளிது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் கறுப்பு இன்சுலேட்டர், மேனிஃபோல்டு கேஸ்கட், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்வம் குழாய், ஏசி இருந்தால் அதற்கான குழாய், பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் குழாய், இவ்வளவுதான் இடங்கள். இருபத்தைந்து வயதுக்கு மேலான ரப்பர் அது. விரலால் வளைத்தாலே வெடிப்பு தெரியும். சிலர் பெட்ரோலைப் பீய்ச்சிப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருக்கும்போது அந்த வித்தை வேண்டாம். துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டில் போதும். இணைப்புகளில் கொஞ்சமாகத் தெளியுங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள். தெளித்த இடத்தில் ஐட்லிங் மாறினால் ஓட்டை அங்கே இருக்கிறது.

இப்போது அந்தக் கடைசி இரண்டு வரி.

எட்டு வருஷம் கேஸில் ஓடியது என்கிறீர்கள். (வீட்டு சிலிண்டரா, பங்க் கேஸா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.) கேஸ் உலர்ந்த எரிபொருள். திரவ பெட்ரோல் உள்ளே போகும்போது வால்வு முகத்துக்குக் கிடைக்கிற கொஞ்சநஞ்சக் குளிர்ச்சியும் பூச்சும் கேஸில் கிடைப்பதில்லை. வால்வு, அதுவும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு, தன் இருக்கையைத் தானே மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டு உள்ளே இறங்கும். பெட்ரோலில் ஈயம் இருந்த காலத்தில் அந்த ஈயமே இருக்கைக்கு மெத்தை மாதிரி இருந்தது. 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் அதை எடுத்துவிட்டார்கள், நல்லதுக்குத்தான். மாருதியின் இருக்கைகள் ஈயம் இல்லாத பெட்ரோலைத் தாங்குபவை. எட்டு வருஷக் கேஸ் வேறு சமாச்சாரம்.

வால்வு இருக்கைக்குள் இறங்கினால் என்ன ஆகும்? அதன் தண்டு மேலே, வால்வை அழுத்தித் திறக்கிற ராக்கர் ஆர்ம் பக்கம் ஏறும். அங்கே விட்டிருந்த மெல்லிய இடைவெளி நாளுக்கு நாள் குறையும். 'டிக் டிக்' என்கிற டேப்பட் சத்தம் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. இடைவெளி போனால் சத்தமும் போய்விடும். வண்டி தையல் மிஷின் மாதிரி ஆகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். இடைவெளி பூஜ்யத்துக்கும் கீழே போனால் ராக்கர் ஆர்ம் வால்வை எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருக்கும். வால்வு முழுசாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், ஐட்லிங்கில் அந்த சிலிண்டர் தூங்கும். இதைவிட மோசமானது ஒன்று உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பதே மூடியிருக்கும் நேரத்தில், இருக்கையின் வழியாகத்தான். சரியாக உட்காராத வால்வு சூட்டை இறக்க முடியாமல் ஓரத்தில் கருகத் தொடங்கும். அதன் பிறகு டேப்பட் வைத்தாலும், அதாவது அந்த இடைவெளியைச் சரிசெய்தாலும், மூடாது.

உங்கள் அப்பா டேப்பட் வைத்துக்கொண்டு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். கேஸ் வண்டிக்கு அதை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று அந்தக் காலத்து ஓட்டுநர்களுக்குத் தெரியும். அவருக்குப் பிறகு யாரும் என்ஜினின் மேல் மூடியைத் திறந்திருக்க மாட்டார்கள்.

இது என் ஊகம் மட்டும்தான். ஊகத்தை நம்பி நீங்களும் செலவு செய்யக் கூடாது. சோதனை செய்யச் சொல்லுங்கள், முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதலில் எந்த சிலிண்டர் என்று பார்க்க வேண்டும். கியர் நியூட்ரலில், கை பிரேக் போட்டு, என்ஜினை நிறுத்திவிட்டு ஒரே ஒரு பிளக் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். அதன் நுனியில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அந்தப் பிளக்கின் உடல் என்ஜின் இரும்பில் படும்படி கட்ட வேண்டும். ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டு ஓட்டினால் காயில் கெடும், பிடித்தவர் கையும் உதறும். உங்கள் காயில் புதிது, அதை ஏன் பாழாக்குவது? பிறகு ஸ்டார்ட் செய்து கேளுங்கள். நடுக்கம் இன்னும் மோசமானால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் தூங்குகிறவன் அவன்தான். மூன்றுக்கும் இதைச் செய்யுங்கள். பக்கத்தில் நிற்கும்போது சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள் அம்மா. ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுவது, சொல்லாமல் கொள்ளாமல் சுற்றும்.

தூங்குகிற சிலிண்டரின் பிளக்கையும் ஒயரையும் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றி மாட்டிப் பாருங்கள். ஒயரின் மூடிப் பக்க முனையைக் கவனமாக மாற்ற வேண்டும். இந்த என்ஜினில் பொறி வரிசை ஒன்று, மூன்று, இரண்டு. இதில் குழப்பினால் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. மிஸ்ஸும் கூடவே இடம் மாறினால், புதிதாக வாங்கிய சாமான்தான் கெட்டது. கடையில் புதிதாக வாங்கியதாலேயே நல்லது என்று நம்பிவிடாதீர்கள். பிரிக்காத பெட்டியிலிருந்து செத்த பிளக்கை நானே எடுத்திருக்கிறேன். மிஸ் இடம் மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால், மின்சாரக் கதையை அத்தோடு மூடிவிடலாம்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. என்ஜினைத் தொடுவதற்கு முன் செய்திருக்க வேண்டியது இதுதான். என்ஜின் சூடாக இருக்க வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்து, ஸ்டார்ட்டரால் ஐந்தாறு சுற்று கிராங்க் செய்ய வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எடுத்த கணக்கு கணக்கே இல்லை. மூன்று எண்களும் குறையாமல், ஒன்றுக்கொன்று ஒரு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) வித்தியாசத்துக்குள் இருந்தால் நான் சொன்னது தப்பு. காற்று இழுப்பதையே மறுபடி தேடுங்கள். மூன்றுமே சமமாகக் குறைந்திருந்தால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு மட்டும் குறைந்தால் நடுவில், சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்டின் கேஸ்கட் போயிருக்கலாம்.

ஒன்று மட்டும் படுத்திருந்தால், அந்த சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஆயில் பிஸ்டன் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். எண் நன்றாக ஏறினால் கசிவது ரிங் வழியாக. உங்கள் மெக்கானிக் சொன்ன போர் வேலையில் அப்போது நியாயம் உண்டு. ஏறாமல் அங்கேயே நின்றால் கசிவது வால்வில். அதற்கு போர் போட்டால் 11,400 ரூபாய் சிறு தொகையாகத் தெரியும், மிஸ்ஸும் அப்படியே இருக்கும். ரிங் தேய்ந்த வண்டி நீலப் புகையும் விட்டு ஆயிலும் குடிக்கும். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை என்பதையும் கவனித்தேன்.

கேஜ் கைக்கு வரும்வரை, பழைய மெக்கானிக்குகள் செய்கிற ஒரு வேலை. ஐட்லிங்கில் சைலன்சர் வாய்க்குச் சற்றுத் தள்ளி ஒரு பத்து ரூபாய் நோட்டைத் தொங்கப் பிடியுங்கள். நல்ல என்ஜின் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது நோட்டு 'சடக்' என்று உள்ளே இழுபட்டால், எக்ஸாஸ்ட் வால்வு மூடாமல் அந்த சிலிண்டர் புகைக்குழாயிலிருந்தே மூச்சு வாங்குகிறது.

எல்லாம் வால்வைக் காட்டினால், ஹெட்டை இறக்குவதற்கு முன் டேப்பட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் மூடியைத் திறந்து, அந்த சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது ராக்கர் ஆர்முக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் என்கிற அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: இந்த என்ஜினுக்குக் குளிர்ந்த நிலையில் ஓர் அளவு, சூடான நிலையில் வேறோர் அளவு. ஹெட் அலுமினியம், சூட்டில் விரிவது. சூடான என்ஜினில் குளிர்ந்த அளவை வைத்துவிட்டு, மறுநாள் மறுபடி இடைவெளி இல்லை என்று கையைப் பிசைகிறவர்கள் உண்டு. இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் முதல் வேலையாகப் பார்ப்பதே நல்லது. அளவு கையேட்டில் இருக்கும். உங்கள் அப்பா அதை வண்டியின் டாஷ்போர்டு பெட்டியில்தான் வைத்திருப்பார், தேடிப் பாருங்கள்.

டேப்பட் சரியாக வைத்ததும் மறுபடி கம்ப்ரஷன் எடுங்கள். எண் மற்ற இரண்டோடு சேர்ந்துவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இரண்டாயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை இடைவெளியைப் பாருங்கள். சேராவிட்டால் வால்வு கருகியிருக்கிறது. ஹெட்டை மட்டும் இறக்கி, லேத் பட்டறையில் வால்வும் இருக்கையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். டைமிங் பெல்ட் எப்படியும் கழன்றுதான் வரும், பழையதை மறுபடி மாட்டாதீர்கள். அடிப்பகுதியைப் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. 'இறக்கியதுதான் இறக்கினோம், கூடவே' என்று யாராவது ஆரம்பித்தால் கேஜ் காட்டிய எண்ணைக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். இப்போது வருகிற இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் உங்கள் வண்டிக்காகச் செய்ததில்லை, உண்மைதான். கார்புரேட்டரில் ஜெட் அளவு மாறாது என்பதால் கலவை கொஞ்சம் மெலியும், மைலேஜும் சற்றுக் குறையும். பழைய ரப்பர் குழாய்களும் டயாஃப்ரமும் ஊறி நைந்துபோகும். அவற்றை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுவது நல்லது. பெட்ரோல் கசிவு என்பது தீ விஷயம். ஆனால் எத்தனால் மூன்று சிலிண்டருக்கும் ஒரே மாதிரிதான் போகிறது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தூங்கவைக்காது. பதினேழிலிருந்து பதின்மூன்றுக்கு இறக்கவும் அதனால் முடியாது.

கண்டுபிடிக்கிற வரைக்கும் வண்டியை அதிகம் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலோடு போய்க் கலக்கும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், பழுது தீர்ந்த கையோடு ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

கம்ப்ரஷன் எடுத்தால், ஆயில் விடுவதற்கு முன் கிடைத்த மூன்று எண்களையும் விட்ட பின் கிடைத்ததையும், பெல்ட் பக்கத்திலிருந்து வரிசையாக எழுதி அனுப்புங்கள். கழற்றிய பழைய காயில், ஒயர், மூடி எல்லாவற்றையும் மெக்கானிக்கிடமிருந்து கேட்டு வாங்கி, டிக்கியில் ஒரு பையில் போட்டு வையுங்கள். அவற்றில் பெரும்பாலானவை நல்ல நிலையில்தான் இருக்கும்.